பெருமத்தைக் கண்ட பேரறிஞர் ஷரஃபுத்தீன் தூஸி

தூஸ் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே. இமாமவர்கள் 1111இல் மறைந்தார்கள். ஈரானின் குராசான் பகுதியிலுள்ள அதே தூஸில், ஏறத்தாழ 1135இல் பிறந்தவர் கணித மேதை ஷரஃபுத்தீன் தூஸி. நஸீருத்தீன் தூஸி (1201–1274) வேறு, இவர் வேறு. இவருடைய மாணவரான கமாலுத்தீன் இப்னு யூனுஸிடம் பயின்றவரே நஸீருத்தீன்.

திமிஷ்கு, ஹலப், மவ்ஸில் ஆகிய நகரங்களில் ஷரஃபுத்தீன் கணிதம் போதித்தார். பித்தளைத் தட்டாக இருந்த உஸ்துர்லாப் என்னும் வானியல் கருவியை, அளவுகள் குறித்த ஒரு மரக்கோலாகவே எளிமையாக்கினார். தூஸியின் கோல் என்று அது பெயர் பெற்றது.

எனினும், அவர் புகழுக்கு அடித்தளம் சமன்பாடுகள் குறித்த அவரது நூலாகும். அவருக்கு முன் உமர் கய்யாம் முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, வளைகோடுகளின் துணையால் தீர்வு கண்டிருந்தார். அவற்றுள் ஐந்து வகைகளுக்குச் சில வேளைகளில் விடையே இராது. எப்போது விடை உண்டு, எப்போது இல்லை என்பதே ஷரஃபுத்தீன் எடுத்துக்கொண்ட வினா.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 6 முழக் கோலை இரண்டாக வெட்டுகிறோம். முதல் துண்டின் வர்க்கத்தை இரண்டாம் துண்டால் பெருக்குகிறோம். முதல் துண்டு 3 முழமெனில் 27. 4 எனில் 32. 5 எனில் 25. பெருக்கம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறது. முழு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில், அதாவது 4இல், பெருமம் கிட்டும் என்பதை அவர் நிறுவினார். எனவே 33 வேண்டுமென்றால் விடையில்லை. 32 எனில் ஒரே விடை. 27 எனில் இரண்டு விடைகள். தேடலில் இறங்குமுன் அதன் எல்லையை அறிந்துகொள்ளும் வழி இதுவே. இன்று மேனிலை வகுப்பு மாணவர் வகைக்கெழுவைப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தி அதே 4ஐப் பெறுகிறார்.

இதனைக் கொண்டு, நுண்கணிதத்தையே நம்மவர்தாம் கண்டுபிடித்தார்கள் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. நாமும் ஒருகாலத்தில் அவ்வாறு பேசியதுண்டு. அது நீதியன்று. நுண்கணிதத்தைப் பொதுமுறையாக வகுத்தவர்கள் 17ஆம் நூற்றாண்டின் நியூட்டனும் லைப்னிட்ஸும் ஆவர். ஷரஃபுத்தீன் நிரூபணத்தைத் தந்தார். பெருமத்தின் இடத்தை எவ்வழியில் கண்டார் என்பதை எழுதவில்லை. வகைக்கெழுவை ஒத்த சிந்தனையால் என்பார் சிலர். பண்டை வடிவியலால் என்பார் வேறு சிலர். செய்யாததை ஏற்றிச் சொன்னால், செய்த அரும்பணியும் ஐயத்துக்கு உள்ளாகிவிடும்.

அவர் ஏறத்தாழ 1213இல் மறைந்தார். அவரது மூலநூல் இன்று இல்லை. பிற்காலத்தவர் ஒருவர் கணக்கு அட்டவணைகளை நீக்கிச் சுருக்கிய படியே எஞ்சியது. அதனை ருஷ்தி ராஷித் என்னும் ஆய்வாளர் 1986இல் பாரிஸில் பதிப்பித்தார். முன்னோரின் பெருமை பேசும் நாம் அவர்களது ஏடுகளைப் பேணினோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் பெரும மதிப்புக் கணக்கைப் போடும்போது இப்பெரியாரை அவர்களுக்கு அறிமுகப்படுத்துவோம். உள்ளது உள்ளபடியே சொல்வோம்.