மா. கிருஷ்ணன்: காடு கண்ட கருவி

தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் எட்டு மக்களுள் இளையவராக, 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' படைத்த தந்தையார் அரசுப் பணியினின்று விலகி, மயிலாப்பூரில் குடியமர்ந்து, 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழை நடத்தி வந்தார். 1925ஆம் ஆண்டு, பட்டப் படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் வாதிட்டுப் பேசிய அவர், அந்த மண்டபத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

தந்தையிடமிருந்து மகனுக்குக் கிடைத்த செல்வங்கள் இரண்டு: தமிழ்ப் பற்று, தான் நம்பியதற்காகப் பதவியைத் துறக்கும் துணிவு. இவ்விரண்டோடு உயிரினங்களின்மேல் தணியாத ஈடுபாடும் சிறுவயதிலேயே அவரிடம் குடிகொண்டது. கீரிப்பிள்ளை ஒன்றைத் தோழனாக வளர்த்த சிறுவன், பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது பேராசிரியர் பைசனுடன் மலைகளில் அலைந்து செடிகொடிகளை நுணுகிப் பார்க்கக் கற்றார். சட்டமும் படித்துத் தேர்ந்தார். ஆயினும் வழக்கறிஞர் தொழில் அவரை ஈர்க்கவில்லை.

1942இல் இன்றைய கர்நாடகத்திலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கே வகித்தார். சுற்றியிருந்த குன்றுகளும் புதர்க்காடுகளும் அவருக்கு மற்றொரு பள்ளியாயின. 1949இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. குடும்பத் தலைவரான ஒருவர் அந்நிலையில் நிலையான உத்தியோகம் ஒன்றைத் தேடிக்கொள்வதே உலக வழக்கு. கிருஷ்ணனோ சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பி வாழத் துணிந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி, 1996இல் அவர் மறையும்வரை 46 ஆண்டுகள் வெளிவந்தது. உத்தியோகம் தராத விடுதலையை இவ்வாழ்வு அவருக்குத் தந்தது. உத்தியோகம் தரும் வசதிகளைத் தரவில்லை.

கானுயிர்களைப் படம் பிடிப்பது செலவு மிக்க கலை. சாதாரண 50 மில்லிமீட்டர் லென்சில் தொலைவிலுள்ள யானைக்கூட்டம் புள்ளிகளாகவே பதியும். அதே கேமராவில் 400 மில்லிமீட்டர் டெலிபோட்டோ லென்சைப் பொருத்தினால் உருவம் 8 மடங்கு பெரிதாகும். ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அக்காலத்தில் புதிய நெடுந்தொலைவு லென்ஸ் எளிதில் கிட்டும் பொருளன்று. பிறர் கையிலிருந்து வந்த பழைய லென்சே பலருக்கும் துணை. கிருஷ்ணன் கண்ட வழி தனித்தன்மை வாய்ந்தது. ஒரு நிறுவனத்தின் கேமரா உடலையும் வேறொரு நிறுவனத்தின் டெலிபோட்டோ லென்சையும் பிற உறுப்புகளையும் தம் கையாலேயே இணைத்து ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். அதன் கனத்தைச் சுட்டும் வகையில் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். அதனைக் கண்ட கானுயிர் அறிஞர் ஈ. பி. ஜீ, கம்பியும் பட்டையும் கொண்டு கட்டியதோ என்று நகைச்சுவையாக ஐயுற்றார். அதில் எடுத்த படங்கள் மிக நன்றாக இருந்தன என்பதையும் மனமாரப் பதிவு செய்தார்.

பழைய நெடு லென்ஸ் எளிதில் வசப்படுவதன்று. உருவத்தை 8 மடங்கு பெருக்கும்போது கையின் நடுக்கத்தையும் அது 8 மடங்கு பெருக்கும். திறப்பு தானாகச் சுருங்கும் வசதி பலவற்றில் இல்லை. முழுத் திறப்பில் குவியம் பார்த்து, விரலால் வளையத்தைத் திருகிச் சுருக்கிய பின்னரே படமெடுக்க வேண்டும். அதற்குள் மான் துள்ளி மறைந்துவிடும். 5.6 திறப்பில் வைத்த 400 மில்லிமீட்டர் லென்ஸ், 30 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 2 மீட்டர் ஆழத்தையே தெளிவாகக் காட்டும். எதிரே நிற்கும் யானையின் கண் தெளிந்தால் முதுகு மங்கும். கிருஷ்ணன் காட்டில் நடந்தும், வளர்ப்பு யானையின் மேலமர்ந்தும் படமெடுத்தவர். யானை அசையாது நிற்பது போலத் தோன்றினாலும் அதன் மூச்சுகூட மேலிருப்பவரின் கருவியை அசைத்துவிடும்.

இக்குறைகளை வெல்லப் பணம் ஒரு வழி; விலங்கை அறிவது மற்றொரு வழி. எக்கணத்தில் யானை காதை விரித்து அசைவற்று நிற்கும், எப்பக்கம் திரும்பும், எவ்வளவு நெருங்கினால் பொறுக்கும் என்பதை முன்கூட்டி உணர்பவருக்கு மெதுவான கருவியும் போதும். கிருஷ்ணன் இரண்டாம் வழியில் சென்றார். நெடுநேரம் காத்திருந்து பார்த்த பார்வையே அவருடைய படங்களுக்கு உயிரூட்டியது. இறுதிவரை கறுப்பு வெள்ளைப் படங்களையே அவர் விரும்பினார். யானையின் தோல் மடிப்பும் காட்டெருமையின் திரண்ட தோளும் ஒளியும் நிழலுமாக அவற்றில் பதிந்துள்ளன. பழைய லென்சுகள் உருவத்தின் ஓரங்களில் கசியவிடும் வண்ணக் கோடுகள் அத்தகைய படச்சுருளில் வண்ணமாகத் தோன்றுவதில்லை என்பதும் கருதத்தக்கது.

படம் அவருக்கு அழகுப்பொருள் மட்டுமன்று, சான்றுமாகும். 1968இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைக் காடுதோறும் சென்று ஆராய்ந்தார். அவ்வாய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலாக 1975இல் நூலுருப் பெற்றது. 1970இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. விருதுக்குப் பின்னும் தம் கருத்தை எவருக்காகவும் மென்மையாக்கிக் கூறும் வழக்கம் அவரிடம் ஏற்படவில்லை.

ஆங்கில எழுத்தால் புகழ்பெற்ற அவர் தமிழை மறந்தாரல்லர். தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கு விலங்குகள் குறித்து எழுதினார். தமிழ் இதழ்களிலும் கட்டுரைகள் வரைந்தார். சிதறிக் கிடந்த அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக 2002இல் வெளிவரச் செய்தார். மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்னரே கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் ஒரு நூலாகத் தமிழர் கைக்கு வந்தன என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. தமிழுக்காகப் பேசி மாய்ந்தவரின் மகனுக்கே இந்நிலை எனின், இதழ்ப் பக்கங்களில் உறங்கும் பிற அறிஞர்தம் எழுத்துகளைத் தேடித் தொகுக்கும் கடமை தமிழ் அமைப்புகளுக்கு எத்துணைப் பெரிதென்பதை விளக்க வேண்டுவதில்லை.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் சென்னையில் காலமானார். வேறுவேறு உறுப்புகளை இணைத்து அவர் அமைத்த கருவியைப் போன்றதே அவர் வாழ்வும். தாவரவியலும் சட்டமும், ஆங்கிலமும் தமிழும், தூரிகையும் கேமராவும் அதில் பொருந்தி நின்றன. அவை அனைத்தையும் பிணைத்தது, பதவிக்கு ஈடாகத் தம் நேரத்தை விற்க மறுத்த உறுதி. அந்நேரம் முழுவதையும் அவர் காட்டுக்குக் கொடுத்தார். காடு தன்னை அவருக்குக் காட்டியது.