தீப்பொறி இல்லாத இயந்திரம்

பழைய டீசல் மகிழுந்து ஒன்றின் முன்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பாருங்கள். பெட்ரோல் இயந்திரத்தில் இருக்கும் ஸ்பார்க் பிளக் அதில் இருக்காது. எரிபொருளுக்குத் தீப்பொறி தரும் பாகமே இல்லாமல் அந்த வண்டி எப்படி ஓடுகிறது? மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடித்துப் பழகியவர்களுக்கு விடையில் பாதி தெரியும். வேகமாக அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பகுதி சூடாகும். காற்றைச் சிறிய இடத்துக்குள் அழுத்தினால் அதன் வெப்பம் உயரும் என்பதே காரணம். பழைய டீசல் மகிழுந்தின் சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. வெப்பம் 500 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. அந்த நொடியில் டீசல் எண்ணெய் நுண்துளிகளாக உள்ளே பீய்ச்சப்படுகிறது. அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

சொல்வதற்கு எளிதான இந்தச் செயலை இரும்பில் செய்து காட்ட ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர் பெயர் ருடால்ஃப் டீசல். எண்ணெய்க்கும் இயந்திரத்துக்கும் அவருடைய பெயரே நிலைத்துவிட்டதால், அது ஒரு மனிதரின் பெயர் என்பதையே பலர் அறிவதில்லை.

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை தியோடர் புத்தகம் கட்டும் தொழிலாளி. தோல் பொருள்களும் செய்து விற்றார். வீட்டில் வசதி குறைவு, கண்டிப்போ அதிகம். சிறுவன் ருடால்ஃப் ஒருநாள் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, மீண்டும் பூட்டத் தெரியாமல் விழித்ததாகவும், அதற்காகத் தந்தை அவனைக் கட்டிவைத்துவிட்டு மற்றவர்களை வெளியே அழைத்துச் சென்றதாகவும் ஒரு செய்தி உண்டு. பிரிப்பது எளிது, பூட்டுவதுதான் கடினம் என்பதை எந்தப் பட்டறைக்காரரும் ஒப்புக்கொள்வார். பாரிஸில் பழைய இயந்திரங்களைச் சேர்த்துவைத்திருந்த அருங்காட்சியகம் அச்சிறுவனுக்கு மிகவும் பிடித்த இடமாக இருந்தது.

1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரிஸை விட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் இலண்டனில் அடைக்கலம் புகுந்தது. பன்னிரண்டு வயது ருடால்ஃப் மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அந்த உறவினர் அங்குள்ள தொழிற்பள்ளியில் கணித ஆசிரியர். அவருடைய ஆதரவில் படித்த ருடால்ஃப், பதினான்கு வயதிலேயே தாம் பொறியாளராகப் போவதாகப் பெற்றோருக்கு எழுதிவிட்டார். பள்ளியில் முதல் மாணவராகத் தேறி, உதவித்தொகையுடன் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதன இயந்திரங்களை உருவாக்கிப் புகழ்பெற்றவர். அக்காலத்தில் தொழிற்சாலைகளை ஓட்டிய நீராவி இயந்திரங்கள், எரித்த நிலக்கரியின் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றின. மீதி புகையாகவும் வெப்பமாகவும் வீணானது. லிண்டேயின் வகுப்பில் இதைக் கேட்ட மாணவருக்கு அந்த வீணடிப்பு மனத்தை விட்டு அகலவில்லை. இதைவிடச் சிக்கனமான இயந்திரத்தை உருவாக்குவதே தம் வேலை என்று அன்றே முடிவு செய்துகொண்டார்.

நமது வட்டாரத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் இங்கே கூறவேண்டும். மலாய்த் தீவுக்கூட்டத்து மக்கள் முற்காலத்தில் 'கோபெக் அப்பி' என்னும் சிறிய தீமூட்டியைப் பயன்படுத்தினர். ஒரு முனை அடைபட்ட குழாய். அதற்குள் இறுக்கமாக நுழையும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் எளிதில் பற்றும் பஞ்சு போன்ற பொருள். தண்டை ஓங்கி உள்ளே அடித்தால், குழாயில் சிக்கிய காற்று சூடேறிப் பஞ்சில் கனல் பிடிக்கும். மாணவப் பருவத்தில் டீசல் இத்தகைய தீமூட்டி ஒன்றைக் கண்டார் என்றும், பின்னாளில் அது அவருடைய சிந்தனைக்குத் தூண்டுகோலாக இருந்தது என்றும் கூறுவர். அந்தத் தீமூட்டிக்கும் டீசல் இயந்திரத்துக்கும் அடிப்படை ஒன்றே.

1879ஆம் ஆண்டு, இறுதித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. காத்திருந்த காலத்தை வீணாக்காமல் சுவிட்சர்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் பட்டறை அனுபவம் பெற்றார். மறு ஆண்டு மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் தேர்ச்சி பெற்று, லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலைப் பணிக்காகப் பாரிஸ் திரும்பினார். 1883இல் மார்த்தா ஃபிளாஷே என்பவரை மணந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தனர். பகலில் குளிர்பதன வேலை. மற்ற நேரத்தில் சொந்த ஆராய்ச்சி. அம்மோனியா ஆவியில் ஓடும் இயந்திரம் ஒன்றைச் செய்து பார்த்தபோது அது வெடித்தது. உயிர் பிழைத்தவர் நெடுங்காலம் மருத்துவமனையில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் ஆவியை விட்டுக் காற்றின் பக்கம் அவர் கவனம் திரும்பியது.

1892இல் தம் எண்ணத்துக்குக் காப்புரிமை கோரினார். அடுத்த ஆண்டு அது கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் பணமும் பட்டறையும் தர முன்வந்தன. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. இரும்பு அவ்வளவு எளிதில் வழிக்கு வரவில்லை.

1893ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் முதல் சோதனை நடந்தது. அழுத்திய காற்றுக்குள் எரிபொருள் செலுத்தப்பட்டதும் அது பற்றிக்கொண்டது. கூடவே பெரும் ஓசையுடன் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. அருகில் நின்ற டீசல் மயிரிழையில் தப்பினார். தீப்பொறி இல்லாமலே எரிபொருள் எரியும் என்பது உறுதியானது. ஆனால், அந்த இயந்திரம் தன் சொந்த வலிமையில் ஒருமுறைகூட ஓடவில்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே காற்று கசிந்தது. எரிபொருளைச் சரியான நேரத்தில், சரியான அளவில், நன்றாகத் தூவி உள்ளே செலுத்துவது பெரும் தொல்லையாக இருந்தது.

பட்டறையில் அதைப் பிரித்துத் திருத்தினார்கள். 1894ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், வெளியிலிருந்து வார்ப்பட்டையால் சுழற்றப்பட்டுக்கொண்டிருந்த இயந்திரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. பட்டை இயந்திரத்தை இழுப்பதற்கு மாறாக, இயந்திரமே பட்டையை இழுத்தது. வேறு வேலையில் மூழ்கியிருந்த டீசல் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த தொழிலாளி ஒருவர் ஒன்றும் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றி அவருக்கு மரியாதை செய்தார் என்பர். அன்று இயந்திரம் தானாக ஓடியது ஒரு நிமிடமே; 88 சுற்றுகள். அந்த ஒரு நிமிடத்தை நம்பி அனைவரும் மேலும் மூன்று ஆண்டுகள் உழைத்தனர்.

இம்மானுவேல் லவுஸ்டர் என்னும் பொறியாளர் வரைந்த புதிய இயந்திரம் 1896ஆம் ஆண்டு அக்டோபரில் உருவாகி நின்றது. 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதை முறைப்படி சோதித்தார். எரிபொருளின் ஆற்றலில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. அன்று உலகில் வேறெந்த வெப்ப இயந்திரமும் அந்த அளவை எட்டியதில்லை. அந்த இயந்திரத்தை இன்றும் மியூனிக் நகரின் ஜெர்மானிய அருங்காட்சியகத்தில் காணலாம்.

பல நாடுகளின் தொழில் நிறுவனங்கள் உரிமம் பெறப் போட்டியிட்டன. 1898க்குள் டீசல் கோடீஸ்வரர் ஆகிவிட்டார். உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்கியது. அதுவரை அந்த இயந்திரம் அதை உருவாக்கியவர்களின் கையில் இருந்தது. சற்றே இருமினாலும் என்ன கோளாறு என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது அது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் ஆலைகளுக்கும் சென்றது. அங்கிருந்தவர்கள் நீராவி இயந்திரத்தில் கைதேர்ந்தவர்கள். இந்தப் புதியதைக் கண்டு திகைத்தனர். எரிபொருளைத் தூவும் பகுதி அடைத்துக்கொண்டது. எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளும் காற்றழுத்தக் கருவி தொல்லை கொடுத்தது. முறையீடுகள் குவிந்தன. டீசல் இயந்திரங்களைச் செய்வதற்கென்றே ஆக்ஸ்பர்க்கில் தொடங்கப்பட்ட ஒரு தொழிற்சாலை விரைவிலேயே நின்றுபோனது. இயந்திரம் பக்குவப்படும் முன்னரே சந்தைக்குச் சென்றுவிட்டது என்றே சொல்லவேண்டும். அந்த அவசரத்தில் டீசலுக்கும் பங்கு உண்டு. வேலைப்பளுவும் காப்புரிமை வழக்குகளும் சேர்ந்து அவர் உடலையும் மனத்தையும் நலிவடையச் செய்தன. அதே 1898இல் அவர் மருத்துவமனையில் ஓய்வெடுக்க நேர்ந்தது. குறைகளை ஒவ்வொன்றாகக் கண்டு சீர்செய்தவர்கள் லவுஸ்டர் போன்ற ஆக்ஸ்பர்க் பொறியாளர்கள். டீசலின் பெயர் நிலைத்ததற்கு அந்தப் பொறுமையான பழுதுபார்ப்பும் ஒரு காரணம். அவர்களை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் சிறிய டீசல் இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. 1912இல் 'செலாண்டியா' என்னும் டென்மார்க் கப்பல் டீசல் இயந்திரத்தின் துணையோடு கோப்பன்ஹேகனிலிருந்து பாங்காக்கிற்குப் பயணம் செய்தது. ஆலையிலும் கப்பலிலும் இடம்பிடித்த இயந்திரத்தைச் சாலை வண்டிக்குள் வைக்கவும் டீசல் விரும்பினார். கனவுந்துக்கு ஏற்ற சிறிய இயந்திரத்தைச் செய்ய அவர் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. எரிபொருளை உள்ளே ஊதுவதற்குத் தேவைப்பட்ட காற்றழுத்தக் கருவி பருமனாக இருந்தது. அதைச் சுமக்கும் வண்டியில் வேறு எதற்கு இடம் இருக்கும்?

இதற்கிடையே தவறான முதலீடுகளால் அவருடைய செல்வம் கரைந்தது. வெளியே பெரிய மாளிகை, உள்ளே கடன். 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், இங்கிலாந்தில் நடக்கவிருந்த நிறுவனக் கூட்டம் ஒன்றுக்காக ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் 'டிரெஸ்டன்' கப்பலில் ஏறினார். நண்பர்களுடன் இரவுணவு உண்டுவிட்டு, காலையில் எழுப்புமாறு கூறித் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாக இருந்தது, படுக்கை கலையவில்லை. அவருடைய தொப்பியும் மேலங்கியும் கப்பலின் மேல்தளத்தில் கிடைத்தன. சில நாள்களுக்குப் பின் கடலில் ஓர் உடலைக் கண்ட டச்சுப் படகினர், அதிலிருந்த பொருள்களை மட்டும் எடுத்துவந்தனர். அவை தம் தந்தையுடையவை என்று மகன் ஓய்கன் அடையாளம் காட்டினார். அது விபத்தா, கடன் சுமையால் எடுத்த முடிவா, பிறர் செய்த சதியா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு இன்றும் நீடிக்கிறது. அப்போது அவருக்கு வயது 55.

அவர் விட்டுச்சென்ற சிக்கலைப் பிறர் தீர்த்தனர். காற்றின் துணையின்றி எரிபொருளை மிக உயர்ந்த அழுத்தத்தில் பீய்ச்சும் சிறிய பம்பை ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927இல் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1936ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் 'மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி' என்னும் டீசல் மகிழுந்து மக்கள் பார்வைக்கு வந்தது. எரிபொருள் சிக்கனத்துக்காக அதை முதலில் விரும்பி வாங்கியவர்களுள் வாடகை வண்டி ஓட்டுநர்கள் பலர். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ஊர்விட்டு ஊர் ஓடிய பல வாடகை வண்டிகள் டீசலில் ஓடியவையே. ஜப்பானில் சிறிய டீசல் இயந்திரங்களைச் செய்து புகழ்பெற்ற யான்மார் நிறுவனர் மகோகிச்சி யமவோக்கா, 1957இல் ஆக்ஸ்பர்க் நகரப் பூங்காவில் டீசலின் நினைவாக ஒரு கற்றோட்டத்தை அமைத்துக் கொடுத்தார்.

இன்றும் பழைய டீசல் மகிழுந்தை வாங்கும் குடும்பம், முதலில் அதை நல்ல பட்டறைக்குக் கொண்டு செல்வது வழக்கம். அங்கே பழுதுபார்ப்பவர் தேடும் குறைகள் டீசல் ஆக்ஸ்பர்க்கில் போராடிய அதே குறைகள்தாம். சிலிண்டரில் அழுத்தமானியைப் பொருத்திக் காற்று கசிகிறதா என்று பார்ப்பார். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் வெப்பம் போதாது. வெப்பம் போதாவிட்டால் எரிபொருள் பற்றாது. புகையின் நிறத்தைக் கவனிப்பார். கரும்புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலப்புகை என்றால் இயந்திர எண்ணெயும் சேர்ந்து எரிகிறது. காலையில் இயந்திரத்தை இயக்கியதும் வெண்புகை எழுந்தால் எரிபொருள் முழுமையாக எரியவில்லை என்று ஐயுறுவார். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால், குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிகிறதா என்றும் பார்ப்பார். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளைகள் மிக நுண்ணியவை. சிறிதளவு தூசியோ நீரோ போதும், அவை பழுதாகிவிடும்.

அதனால் அவர் எரிபொருள் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்துகிறார். கலங்கிய நீர் கொஞ்சம் கிண்ணத்தில் சொட்டுகிறது. புதிய வடிகட்டியைப் பொருத்தி, கைப்பம்பை அழுத்தி அழுத்திக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுகிறார். குமிழிகள் நின்று தெளிந்த எண்ணெய் வரும்போது திருகை இறுக்குகிறார். வண்டிக்காரர் சாவியைப் பாதி திருப்பிவிட்டு, சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்கின் விளக்கு அணையும்வரை காத்திருக்கிறார். விளக்கு அணைகிறது. சாவியை முழுவதும் திருப்புகிறார். இயந்திரம் இருமுறை முக்கி, மூன்றாம் முறை பிடித்துக்கொள்கிறது.