தானே கற்று உயர்ந்த மைக்கேல் பரடே (1791 - 1867)

மாணவர்களே, மின்காந்தத் தூண்டல் என்னும் அலகைக் கற்கும்போது பரடேயின் விதியை நீங்கள் பலமுறை எழுதியிருப்பீர்கள். அவ்விதிக்குரியவர் எந்தப் பாடசாலையிலும் பௌதிகவியல் கற்றவரல்லர் என்பதை அறிவீர்களா? பிரத்தியேக வகுப்போ ஆய்வுகூட வசதியோ இன்றிப் படிக்கும் உங்களுக்கு அவரது வாழ்க்கை பயன்மிக்க பாடமாகும்.

மைக்கேல் பரடே 1791 செப்டெம்பர் 22 இல், இலண்டனுக்குத் தெற்கே நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். வறுமை காரணமாக வாசிப்பு, எழுத்து, சாதாரண எண்கணிதம் ஆகியவற்றுடன் அவரது பாடசாலைக் கல்வி முடிந்தது. 1804 இல் ஜோர்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு முதல் ஏழு ஆண்டுகள் அங்கேயே புத்தகம் கட்டும் தொழிலைப் பழகினார்.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களே அவரது நூலகமாயின. பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் மின்னியல் கட்டுரை அவரது ஆர்வத்தைத் தூண்டியது. தொடக்கநிலையினருக்காக ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூல் அத்திவாரமிட்டது. ஐசாக் வாட்ஸ் மனப்பயிற்சி பற்றி எழுதிய நூல் குறிப்பெடுக்கவும் கலந்துரையாடவும் பழக்கியது.

அவர் வாசிப்போடு நின்றுவிடவில்லை. நூலிற் கண்டவற்றைத் தம் சக்திக்கேற்ற சிறு பரிசோதனைகளாற் சரிபார்த்தார். 1812 இல் ஏழு அரைப்பென்னி நாணயங்கள், அதேயளவான ஏழு நாகத் தட்டுகள், உப்புநீரில் நனைத்த ஆறு கடதாசித் துண்டுகள் ஆகியவற்றை அடுக்கி ஒரு மின்கலவடுக்கை அமைத்தார். அதனைக் கொண்டு மகனீசியம் சல்பேற்றைப் பிரிகையடையச் செய்தார்.

1810 முதல் ஜோன் டேற்றம் என்பவரின் விரிவுரைகளுக்குச் சென்றார். ஒரு விரிவுரைக்கு ஒரு சிலிங் கட்டணம். கொல்லராயிருந்த தமையனார் அதனைக் கொடுத்துதவினார். 1812 இல் றோயல் நிறுவனத்தில் ஹம்பிரி டேவியின் நான்கு விரிவுரைகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. எடுத்த குறிப்புகளை விரிவாக்கி, படங்கள் வரைந்து, தாமே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அந்நிறுவனத்தின் ஆய்வுகூட உதவியாளரானார்.

1831 ஆகஸ்ட் 29 இல், இரும்பு வளையமொன்றிற் சுற்றிய இரு சுருள்களைக் கொண்டு மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். ஒரு சுருளில் மின்னோட்டம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மாத்திரமே மற்றையதில் மின்னோட்டம் தோன்றியது. மின்பிறப்பாக்கி, நிலைமாற்றி ஆகியவற்றின் அடிப்படை இதுவேயாகும். மின்பகுப்பு விதிகளையும் அவரே வகுத்தார்.

எனினும் ஒரு குறை அவரை இறுதிவரை தொடர்ந்தது. அவர் உயர்கணிதம் கற்கவில்லை. காந்தவிசையை விசைக்கோடுகளாக மனக்கண்ணிற் கண்டபோதும், அதனைச் சமன்பாடுகளாக எழுத இயலவில்லை. இதனால் கணித அறிஞர் பலர் அக்கருத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. 1855 - 1856 காலப்பகுதியில் இளைஞரான ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் அதற்குக் கணித வடிவம் கொடுக்கத் தொடங்கினார். 1857 இல் பரடே அவருக்குக் கடிதமெழுதி, கணிதத்தால் பெற்ற முடிவுகளைச் சாதாரண மொழியிலும் விளக்கக் கூடாதா எனக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 66. 1867 ஆகஸ்ட் 25 இல் காலமானார்.

கவனத்திற் கொள்க:

1. முதலில் எளிய நூலொன்றைத் தெரிந்து முழுமையாக முடியுங்கள். பல நூல்களைத் தொடங்கி இடையில் விடுவதால் பயனில்லை.

2. வாசித்ததைச் செய்து பாருங்கள். ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் உணர்திறன் மிக்க கல்வனோமானியும் கிடைத்தால், 1831 இன் கண்டுபிடிப்பை நீங்களும் காணலாம்.

3. குறிப்பை அன்றே விரித்து எழுதுங்கள்.

4. பௌதிகவியலுடன் கணிதத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். பரடேயின் கருத்துக்குக் கணிதம் எழுத ஒரு மக்ஸ்வெல் வந்தார். பரீட்சை மண்டபத்தில் உங்கள் சமன்பாட்டை நீங்களே எழுத வேண்டும்.