தோல் பதனிட்டவர் மகன் லூயி பாஸ்டர்



பிரான்சு நாட்டின் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லைப் பக்கத்து ஜுரா மலையடிவாரத்தில் அர்புவா என்றொரு பழைய ஊர் உண்டு. ஊருக்குள்ளே குயிசான்ஸ் என்ற சிற்றாறு ஓடுகிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். ஒயின்தான் அந்த ஊர்ப் பிழைப்பு. (ஒயின் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், குடிக்குப் பரிந்து பேச நான் வரவில்லை.)

அந்த ஆற்றங்கரையில் தோல் பதனிட்டுப் பிழைத்தவர் ழான் ஜோசப் பாஸ்டர். நெப்போலியன் படையில் சிப்பாயாக இருந்து திரும்பியவர். அவர் மகன் லூயி 1822 டிசம்பர் 27-இல் டோல் நகரில் பிறந்தான், வளர்ந்தது அர்புவாவில். படிப்பில் புலி என்று யாரும் சொன்னதில்லை. படம் வரைவதில்தான் கொள்ளை ஆசை.

1831-இல் வெறிபிடித்த ஓநாய் ஒன்று அந்த வட்டாரத்தில் பலரைக் கடித்துக் குதறியது. அப்போது வைத்தியம் என்ன தெரியுமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவதுதான்! கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுவந்து சூடு போட்டார்கள். எட்டு வயதுப் பையன் லூயி அதைப் பார்த்தான். சூடு போட்டும் பல பேர் பிழைக்கவில்லை.

1838-இல் பையனைப் பாரிசுக்குப் படிக்க அனுப்பினார்கள். வீட்டு நினைப்பு வாட்டி எடுத்துவிட்டது. அப்பாவே போய் அழைத்து வந்தார். பிறகு ஊர்ப்பக்கமே படித்து, 1842-இல் பாரிசின் பெரிய ஆசிரியர் கல்லூரிக்குப் பரீட்சை எழுதினார். தேறியாச்சு, ஆனால் 15-ஆவது இடம். இது போதாது என்று சேராமல் நின்று, இன்னும் ஒரு வருஷம் படித்து 4-ஆவது இடத்தில் தேறிச் சேர்ந்தார். பரிசு கிடைக்காத பிள்ளைகள் இந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

விஞ்ஞானியான பின் 1864-இல், கெட்டுப்போகும் ஒயினை ஆராய அர்புவாவுக்கே வந்தார். ஆய்வுக்கூடம் ஒரு பழைய காப்பிக்கடை. கடைப் பலகையைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு கேட்டு வந்தவர்களும் உண்டாம்! பூதக்கண்ணாடிக்குக் கீழே பார்த்தால், புளித்த ஒயினில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். 50, 60 டிகிரிச் சூடு காட்டினால் அவை செத்துப்போகும், ஒயினும் கெடாது என்று கண்டுபிடித்தார். இன்று நாம் கடையில் வாங்கும் பாலும் அந்த முறையில்தான் காய்ச்சப்படுகிறது. ரப்பர் மரத்துப் பால் வாளியில் கிடந்து நேரமானால் தானே உறைகிறதே, அதிலும் இந்தக் கிருமிகளுக்குப் பங்குண்டு.

ஒயினைக் கெடுக்கும் கிருமி இருந்தால், மனிதனைக் கொல்லும் கிருமியும் இருக்கத்தானே வேண்டும்? அவருக்கு இது வெறும் பாடமல்ல. 1859-இல் மூத்த மகள் ழான் ஒன்பது வயதில் டைபாய்டு கண்டு அதே அர்புவாவில் போய்விட்டாள். அப்புறம் இன்னும் இரண்டு பெண்கள். 1868-இல் அவருக்கே இடப்பக்கம் வாதத்தில் விழுந்தது. ஒரு கையை வைத்துக்கொண்டும் வேலையை விடவில்லை.

1885 ஜூலை 6. ஜெர்மனி பிடித்து வைத்திருந்த அல்சாஸிலிருந்து எல்லை தாண்டி ஒரு தாய் வந்தாள். மகன் ஜோசப் மெய்ஸ்டர், ஒன்பது வயது, உடம்பில் 14 நாய்க்கடி. வெறிகண்ட முயலின் முதுகுத்தண்டை உலர்த்திச் செய்த மருந்து பாஸ்டரிடம் இருந்தது. நாய்களுக்குப் போட்டுப் பார்த்திருந்தார். மனிதருக்கு? பிள்ளை செத்தால் பழி யாருக்கு? அவர் டாக்டருமல்ல, ஊசி போட்டவர் கிரான்ஷே என்ற டாக்டர். பத்து நாளில் 13 ஊசி. பாஸ்டருக்கு ராத்தூக்கமில்லை. பையன் பிழைத்தான்.

அக்டோபரில் வந்தவன் சொந்தச் சீமைப் பையன், அர்புவாவுக்குப் பக்கத்து வில்லர்ஸ் பார்லே ஊர் ஆட்டிடையன் ஜுப்பி. சின்னப் பிள்ளைகள் மேல் பாய்ந்த வெறிநாயைத் தனியாளாக மடக்கிக் கொன்றவன். கடிபட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. அவனும் பிழைத்தான்.

1888-இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். பாஸ்டர் 1895 செப்டம்பர் 28-இல் காலமானார். மெய்ஸ்டரும் ஜுப்பியும் வளர்ந்து அந்த நிலையத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். ஜுப்பி நாயோடு மல்லுக்கட்டும் சிலை இன்றும் அங்கே நிற்கிறது.