தாயகம் தேடிய கலைஞானி

பிறப்பும் பிரிவும்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி, இலங்கைச் சட்டசபையில் இடம்பெற்ற தமிழர். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தாய் எலிசபெத், ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தையை இழந்த அவர், இங்கிலாந்தில் தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று பட்டம் பெற்றார்.

மண்ணும் மக்களும்

1903ஆம் ஆண்டு, இலங்கையின் கனிம ஆய்வுத்துறை இயக்குநராகப் பொறுப்பேற்றார். தோரியனைட் என்னும் கனிமத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பெயரால் தமிழர், பேச்சாலும் கல்வியாலும் ஆங்கிலேயர். ஆதலின், பிறந்த மண்ணிலேயே அவர் பாதி அயலவராக இருந்தார்.

மண்ணை ஆராய ஊர் ஊராகச் சென்றவரின் கண்கள் மக்கள்மீது திரும்பின. கண்டிப் பகுதியின் சிற்பிகளும் நெசவாளரும் கொல்லரும் இறக்குமதிப் பொருள்களின் வரவால் நலிந்திருந்தனர். கற்றோரோ ஆங்கில உடையையும் நடையையும் பெருமையாகக் கருதினர். அவர் தேடி வந்ததை, அங்கேயே வாழ்ந்தோர் கைவிட்டுக்கொண்டிருந்தனர். எனவே, சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோற்றுவித்து, தாய்மொழிக் கல்வியையும் மரபுக் கலைகளையும் போற்றுமாறு வலியுறுத்தினார். தாம் கண்ட கைவினைகளை 1908இல் பெருநூலாக வெளியிட்டார்.

நிறைவேறாத விருப்பம்

பின்னர் இந்தியாவெங்கும் பயணம் செய்து பழைய ஓவியங்களைத் திரட்டினார். அவற்றைக் கொண்டு காசியில் தேசிய அருங்காட்சியகம் அமைக்க விரும்பினார். போதிய ஆதரவு கிட்டவில்லை. 1917இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவரை வரவேற்றது. அத்தொகுப்பின் பெரும்பகுதியும் அங்கே சென்று சேர்ந்தது. எனினும் அவர் உள்ளம் கீழைநாட்டிலேயே உறைந்தது. தில்லைக் கூத்தனின் ஆடலில் பொதிந்த தத்துவத்தை விளக்கிய அவரது கட்டுரை, 1918இல் வெளிவந்த நூலின்வழி மேலைநாட்டாரை ஈர்த்தது.

எழுபதாம் அகவையில், பணி ஓய்வுக்குப்பின் இந்தியாவுக்கு மீண்டு அங்கேயே எஞ்சிய நாள்களைக் கழிக்க எண்ணியிருந்தார். இந்தியா விடுதலை பெற்ற மறுமாதம், 1947 செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவிலேயே காலமானார். தாயகத்தில் நிலையாகத் தங்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும், அயலவரின் கண்கொண்டு அவர் கண்டு காட்டிய செல்வத்தை, அம்மண்ணில் பிறந்து வளர்ந்தோர் தம்முடையதென உணரக் கற்றனர்.