கடலுக்குப் போன முதலைகள்: 200 ஆண்டுகளுக்கு முன்பே கேள்வி கேட்ட ஜெஃப்ராய் யார்?

முதலை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஆற்றங்கரையில் வாயைத் திறந்தபடி வெயில் காயும் அந்த உருவம்தான். ஆனால் டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், முதலையின் உறவினங்கள் சில கரையை விட்டுக் கடலுக்கே குடிபோய்விட்டன. அவற்றில் ஒரு பிரிவுக்குக் கால்கள் துடுப்பாக மாறின. வாலில் மீனுக்கு இருப்பது போலத் துடுப்பு முளைத்தது.

இன்று இதைப் பள்ளி மாணவர்கூட எளிதாக ஏற்றுக்கொள்வார். ஆனால் டார்வினின் புகழ்பெற்ற நூல் வருவதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பு, 1825-ல், ஒரு விலங்கினம் இன்னொன்றாக மாறியிருக்கலாம் என்று சொல்வதே பெரிய வம்பு. அந்த வம்பை விலைக்கு வாங்கியவர் பிரான்ஸ் விலங்கியலாளர் எட்டியென் ஜெஃப்ராய் செயின்ட்-ஹிலேர். அதற்குக் காரணமாக இருந்தது ஒரு கடல் முதலையின் எலும்பு.

யார் இவர்?

1772-ல் பாரிஸ் அருகே உள்ள எட்டாம்ப் ஊரில் பிறந்தார். வீட்டில் அவரைப் பாதிரியார் ஆக்கத்தான் நினைத்தார்கள். இவருக்கோ ஆர்வம் எல்லாம் அறிவியலில். 1792-ல், பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்தபோது, இவருடைய ஆசிரியர் ஹவுயி உட்பட பல பாதிரியார்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஜெஃப்ராய் ஓடி அலைந்து ஆசிரியரை மீட்டார். அதோடு விட்டாரா? இரவில் சுவரில் ஏணி சாய்த்து வேறு சில பாதிரியார்களையும் தப்ப வைத்தார். மாட்டியிருந்தால் உயிர் போயிருக்கும்.

அடுத்த ஆண்டே பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விலங்கியல் பேராசிரியர். அப்போது வயது 21. 1795-ல் தன்னைப் போலவே இளைஞரான ஜார்ஜ் குவியேவைப் பாரிஸுக்கு அழைத்து வந்ததும் இவர்தான். இருவரும் சேர்ந்து ஆய்வு செய்தார்கள். பிற்காலத்தில் இவருடைய பெரிய எதிராளி ஆனதும் அதே குவியேதான்.

எகிப்தும் முதலை மம்மியும்

1798-ல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தபோது அறிஞர் குழு ஒன்றையும் கூட்டிப்போனார். அதில் ஜெஃப்ராயும் ஒருவர். நைல் நதி மீன்கள், முதலைகள், கல்லறைகளில் இருந்த விலங்கு மம்மிகள் என்று மூன்று ஆண்டுகள் சேகரித்தார். 1801-ல் பிரெஞ்சுப் படை தோற்றதும், சேகரிப்பை ஒப்படைக்கச் சொன்னார்கள் பிரிட்டிஷார். கொடுப்பதைவிட எல்லாவற்றையும் எரித்துவிடுவேன் என்று ஜெஃப்ராய் ஒரே பிடியாக நின்றார். கடைசியில் பிரிட்டிஷார்தான் இறங்கி வந்தார்கள்.

அந்த மம்மிகள் பாரிஸுக்கு வந்தபோதுதான் சிக்கலும் சேர்ந்து வந்தது. மம்மியில் இருந்த ஐபிஸ் பறவைக்கும் இன்றைய ஐபிஸுக்கும் வித்தியாசமே இல்லை, ஆகவே உயிரினங்கள் மாறுவதில்லை என்றார் குவியே. ஜெஃப்ராய் முதலை மம்மியைப் பார்த்தார். இது வழக்கமான நைல் முதலை இல்லை, தனி இனம் என்று 1807-ல் பெயர் வைத்தார். யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 2011-ல் டிஎன்ஏ பரிசோதனை வந்து, அவர் சொன்னதுதான் சரி என்றது.

கல்லுக்குள் ஒரு முதலை

பிரான்ஸின் வடக்குக் கடலோரப் பகுதி நார்மண்டி. அங்குள்ள கான் நகரின் சுண்ணாம்புக் கல்லில், நீண்ட ஒல்லியான மூக்கு கொண்ட முதலைப் புதைபடிவங்கள் கிடைத்தன. மூக்கைப் பார்த்தால் நம் கங்கையில் இருக்கும் கரியால் மாதிரியே இருக்கும். அதனால் அழிந்துபோன ஒரு வகைக் கரியால் என்று குவியே வகைப்படுத்தினார்.

ஜெஃப்ராய்க்கு அது ஒத்துவரவில்லை. மண்டையோட்டை எலும்பு எலும்பாக ஒப்பிட்டார். இது கரியாலே இல்லை என்ற முடிவுக்கு வந்து, 1825-ல் டெலியோசாரஸ், ஸ்டெனியோசாரஸ் என இரண்டு புதுப் பெயர்களைக் கொடுத்தார். இன்றைய கரியால்கள் இந்தப் பழைய விலங்குகளின் நேரடி வாரிசுகளா என்ற கேள்வியை ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தார். வாய்ப்பு உண்டு என்ற பக்கம் சாய்ந்தார். சுற்றுச்சூழல் மாறினால் உடலும் மாறும் என்பது அவருடைய வாதம்.

1830 மோதல்

1830-ல் பாரிஸ் அறிவியல் அகாடமியில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். எல்லா விலங்குகளுக்கும் அடிப்படையில் ஒரே உடலமைப்புத் திட்டம்தான் என்றார் ஜெஃப்ராய். நான்கு தனித்தனிப் பிரிவுகள், ஒன்றோடு ஒன்று சேராது என்றார் குவியே. ஐரோப்பாவே வேடிக்கை பார்த்தது. ஆதாரங்களை அடுக்குவதில் குவியே கெட்டிக்காரர். வென்றவர் அவர்தான் என்று பலரும் நினைத்தார்கள். ஜெஃப்ராய் சோர்ந்துவிடவில்லை. திரும்பவும் கான் முதலைகளிடமே போய், 1831-ல் அடுத்த ஆய்வுகளை வெளியிட்டார்.

சரி, அவர் சொன்னது உண்மையா?

பாதி சரி, பாதி தவறு. டெலியோசாரஸ் இன்றைய முதலைகளின் முன்னோர் இல்லை. அது தனிக் கிளை. வாரிசு இல்லாமல் அழிந்துவிட்டது. ஆனால் சூழலுக்கு ஏற்ப உடல் மாறும் என்ற அடிப்படை எண்ணம் நின்றது. அதற்கு நல்ல சாட்சி அதே கடல் முதலைக் குடும்பம்தான்.

டெலியோசாரஸுக்கு உடல் முழுக்கக் கவசத் தகடுகள் உண்டு. கரையோரக் கடல்தான் அதன் இடம். அதன் உறவினமான மெட்ரியோரிங்கஸ் வகைகள் கவசத்தையே கைவிட்டு, துடுப்புக் கால்களோடு ஆழ்கடல் பக்கம் போயின. கடல்நீரில் சேரும் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் இருந்த தடயம் அர்ஜென்டினாவில் கிடைத்த மண்டையோடுகளில் பதிவாகியிருக்கிறது. 2020-ல் வந்த ஸ்கேன் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. உடலைச் சமநிலையில் வைக்கும் உள்காதுக் குழாய்கள்கூட, பாதி நிலம் பாதி நீர் என்று நீண்ட காலம் வாழ்ந்த பிறகு, படிப்படியாகச் சுருங்கியிருக்கின்றன.

கடைசி நாட்கள்

1832-ல் குவியே இறந்தார். 1840-ல் ஜெஃப்ராய்க்குப் பார்வை போனது. பக்கவாதமும் தாக்க, அருங்காட்சியகப் பதவியை விட்டார். 1844 ஜூன் 19 அன்று காலமானார். டார்வினின் நூல் வெளிவர அப்போது இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன.

பதிலில் தவறியவர்தான் ஜெஃப்ராய். ஆனால் அழிந்த விலங்குக்கும் இன்றைய விலங்குக்கும் ரத்த சொந்தம் இருக்குமா என்று, நண்பனின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வியைத்தான், ஒவ்வொரு புதைபடிவம் கிடைக்கும்போதும் விஞ்ஞானிகள் இன்றும் கேட்கிறார்கள்.