கம்பி வழியே கடல் கடந்த குரல்

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அமெரிக்கப் பாடகர் ஒருவருக்கு என்ன இடம் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். படித்து உயர்ந்தபின் வாயை மூடிக்கொண்டிருந்தால் பொருளும் புகழும் குறைவின்றிக் கிடைக்கும் என்ற நிலையில், வாயைத் திறந்தவர் பால் ராப்சன். அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும் என்று எண்ணியே இதனை எழுதுகின்றோம்.

அவருடைய வரலாற்றை அவர் தந்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வில்லியம் ட்ரூ ராப்சன் வட கரோலினா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 15 வயதில், 1860ஆம் ஆண்டில், பண்ணையிலிருந்து தப்பி வடக்கே ஓடினார். ஓடி வந்த அந்தச் சிறுவன் கூலி வேலை செய்துகொண்டே எழுத்தறிந்து, பென்சில்வேனியாவில் கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்ட லிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பிரின்ஸ்டன் நகரில் ஒரு திருச்சபையின் போதகரானார். அங்கே 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் பால். அவருக்கு மூன்று வயதாகும்போது தந்தை அந்தப் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரசங்கம் செய்த மனிதர், வீடு வீடாய்ச் சாம்பல் அள்ளும் வண்டி ஓட்டிப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அதற்காக அவர் ஒருநாளும் தலைகுனிந்ததில்லை என்று மகன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பாலின் ஆறாம் வயது நிறையுமுன்னரே தாய் அடுப்புத் தீயில் சிக்கி இறந்தார். அவர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், கண்பார்வை மங்கிப்போயிருந்தார்.

முழு மதிப்பெண்ணுக்குக் குறைவாக வாங்கி வந்தால் ஏன் குறைந்தது என்று கேட்கும் தந்தையிடம் வளர்ந்தார் பால். 1915இல் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர உதவித்தொகைத் தேர்வு ஒன்று மாநிலம் முழுமைக்கும் நடந்தது. மற்ற மாணவர்கள் முந்திய ஆண்டே மூன்று ஆண்டுப் பாடங்களுக்கான முதற்கட்டத் தேர்வை எழுதி முடித்திருந்தனர். அப்படி ஒரு தேர்வு உண்டென்பதே பாலுக்குத் தெரியாது. ஆகவே மற்றவர்கள் ஓராண்டுப் பாடத்துக்கு விடை எழுதிய அதே நேரத்தில் அவர் நான்காண்டுப் பாடத்துக்கும் எழுத வேண்டியதாயிற்று. எழுதினார், உதவித்தொகையையும் வென்றார். விண்ணப்பத்தின் கடைசித் தேதி கடந்தபின் செய்தி வந்து சேரும் துயரம் நம் தெருக்களுக்குப் புதிதன்று. அதனால்தான் இந்தச் சிறு நிகழ்ச்சியை விரித்துச் சொன்னோம்.

ரட்கர்ஸில் சேர்ந்த மூன்றாவது கறுப்பின மாணவர் அவர். கால்பந்து அணிக்கு முயன்ற முதல் நாளிலேயே வெள்ளை மாணவர்கள் கூடி அவர் மூக்கெலும்பை உடைத்தனர். தோள்பட்டையைப் பிசகச் செய்தனர். படுக்கையில் கிடந்தவரிடம் அண்ணன் வந்து, நீ உனக்காக மட்டும் அங்கே நிற்கவில்லை, உன் பின்னால் வரக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகவும் நிற்கிறாய் என்பதை நினைவூட்டிச் சென்றார். பால் மீண்டும் ஆடுகளத்துக்குப் போனார். ஆணி பதித்த காலணியால் ஒருவன் அவர் கையை மிதித்து நகங்களைப் பெயர்த்தான். அடுத்த ஆட்டத்தில் பந்தோடு ஓடி வந்தவனைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் அறைய முற்பட்டபோதுதான், அணியில் அவருக்கு இடம் உண்டென்று பயிற்சியாளர் கூவினாராம். 1917, 1918 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. 1919இல் பட்டமளிப்பு விழாவில் வகுப்பின் சார்பில் உரையாற்றியவரும் அவரே. அதைக் காணத் தந்தை உயிரோடு இல்லை.

அடுத்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற அதே பல்கலைக்கழகம். அண்ணல் இலண்டனுக்குப் புறப்பட்டுச் சென்ற நான்கு ஆண்டுகளுக்குப் பின் ராப்சன் அங்கே நுழைந்தார். 1923இல் பட்டம் பெற்று ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அமர்ந்தார். கறுப்பர் சொல்லச் சொல்லத் தாம் எழுதுவதில்லை என்று அங்கிருந்த சுருக்கெழுத்துப் பெண் மறுத்துவிட்டாள். ராப்சன் எழுந்து வெளியே வந்தார், சட்டத்தொழிலுக்குத் திரும்பவில்லை. நாடகமும் இசையும் அவரை ஏற்றுக்கொண்டன.

1925 ஏப்ரல் 19ஆம் நாள் நியூயார்க்கில் அவர் நடத்திய இசை நிகழ்ச்சி முழுவதும் கறுப்பின மக்களின் பாடல்களாலேயே ஆனது. பருத்திக் காட்டில் அடிமைகள் பாடிய பக்திப் பாடல்களை, பெரிய மேடையில், தலை நிமிர்ந்து பாடினார். லாரன்ஸ் பிரௌன் பியானோ வாசித்தார். அந்தப் பாடல்களைக் கேட்கப் படித்த கறுப்பினத்தவர் சிலரே கூசிய காலம் அது. நமக்கு இது வியப்பளிக்கவில்லை. பறையைத் தொடக் கூசிய படித்த பிள்ளைகளை நாமும் அறிவோம். அவர்களைப் பழிக்கவும் நமக்கு மனம் வரவில்லை. இசையாக அன்றி இழிதொழிலாக அதனை நம் தோளில் ஏற்றியவர்கள் வேறு பலர்.

1928இல் இலண்டனில் 'ஷோ போட்' என்னும் இசைநாடகத்தில் மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய பாட்டைப் பாடி உலகப் புகழ் எய்தினார். வெள்ளையர் ஒருவர் எழுதிய அந்தப் பாட்டை அவர் எழுதியபடியே விட்டுவிடவில்லை. தம் மக்களை இழித்துரைத்த சொல்லை நீக்கினார். அலுத்துச் சோர்ந்தவனின் புலம்பலாக இருந்த இறுதி அடிகளைப் பின்னாளில் ஓயாது போராடுபவனின் உறுதிமொழியாக மாற்றினார். அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகா கொலம்பியாவில் படித்த நாள்களில் ராப்சனோடு பழகியவர். அவர் பிரம்மபுத்திராவை நோக்கிப் பாடிய புகழ்பெற்ற பாட்டுக்கு இதுவே தூண்டுதல்.

இலண்டன் தெருவில் ஒருநாள் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பசியோடு பாடிக்கொண்டு நடந்து வந்தனர். பாட்டுச் சத்தம் கேட்டு அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார் ராப்சன். அந்த உறவு அவர் வாழ்நாள் முழுவதும் அறுபடவில்லை.

1943இல் நியூயார்க்கில் ஒதெல்லோவாக நடித்தார். 296 முறை அந்நாடகம் மேடையேறியது. 1947இல் அவருடைய ஆண்டு வருமானம் ஒரு இலட்சம் டாலருக்கு மேல். இந்த உயரத்தில் நின்றுகொண்டு அவர் என்ன செய்தார்? கறுப்பினத்தவரைக் கும்பல் கூடிக் கொல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1946இல் குடியரசுத் தலைவர் ட்ரூமனை நேரில் சந்தித்துக் கேட்டார். அரசு காக்காவிட்டால் எங்களை நாங்களே காத்துக்கொள்வோம் என்றும் சொன்னார். பேட்டி அத்துடன் முடிந்தது. நம் ஊர்களில் படித்து வேலைக்குப் போனவர், வாடகை வீடு கிடைக்காதே என்றஞ்சித் தம் தெருப் பெயரைச் சொல்லத் தயங்குவதைக் கண்டிருக்கின்றோம். அந்த அச்சம் எத்தகையது என்பது நமக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் ராப்சனின் துணிவு எவ்வளவு பெரிது என்பதும் விளங்குகிறது.

1949 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்துப் பீக்ஸ்கில் அருகே அவர் பாடவிருந்த நிகழ்ச்சியைக் கும்பல் தாக்கிக் கலைத்தது. செப்டம்பர் 4ஆம் நாள் மீண்டும் போய்ப் பாடினார். ஏறத்தாழ 20,000 பேர் கூடினர். தொழிற்சங்கத்தினர் அரணாக நின்றனர். பாட்டு முடிந்து திரும்பியவர்கள்மீது வழிநெடுகக் கல்மாரி பொழிந்தது. 140 பேருக்கு மேல் காயமுற்றனர்.

மறு ஆண்டு அரசு அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கியது. அவர் வெளிநாட்டில் கறுப்பினத்தவர் நிலையைப் பேசுவதும், ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலையை ஆதரிப்பதும் நாட்டின் நலனுக்கு ஒவ்வாதவை என்று வாதிட்டது. உள்நாட்டிலோ மண்டபங்களின் கதவுகள் சாத்தப்பட்டன. 1952இல் வருமானம் ஏறத்தாழ 6,000 டாலராகச் சரிந்தது. சோவியத் நாட்டின்மீது அவர் வைத்த பற்று ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. இங்கே நாம் ஒன்றை மறைக்கலாகாது. நிறவெறி காட்டாத நாடென்று சோவியத்தை நேசித்த ராப்சன், ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசவில்லை. 1949இல் மாஸ்கோ சென்றபோது தம் யூத நண்பர்கள் துன்புறுவதை அறிந்தும், ஊர் திரும்பிச் சொல்லாமல் இருந்தார். அது அவர் பிழையே.

அந்நாளில் கனடாவுக்குச் செல்ல அமெரிக்கருக்குப் பாஸ்போர்ட் வேண்டியிருக்கவில்லை. 1952இல் அங்கும் போகவிடாமல் எல்லையில் நிறுத்தினர். அவ்வாண்டு மே 18ஆம் நாள், இரு நாடுகளின் எல்லைக்கோட்டில் உள்ள அமைதி வளைவின் அருகே அமெரிக்க மண்ணில் ஒரு லாரியை நிறுத்தி, அதன்மேல் ஏறி நின்று பாடினார் ராப்சன். கோட்டின் இரு மருங்கிலும் மக்கள் திரண்டு நின்றனர். கால் தாண்டக்கூடாத கோட்டைப் பாட்டு தாண்டிற்று.

1956இல் அட்லாண்டிக் கடலடியில் முதன்முதலாகத் தொலைபேசிக் கம்பி போடப்பட்டது. மறு ஆண்டு மே 26ஆம் நாள் நியூயார்க்கில் இருந்தபடியே அக்கம்பி வழியாக இலண்டன் மண்டபம் ஒன்றில் கூடியிருந்தவர்களுக்குப் பாடினார். அக்டோபர் 5ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் போர்த்கால் நகரில் சுரங்கத் தொழிலாளர் கலைவிழா. 5,000 பேர் அமர்ந்திருந்த மண்டபத்தின் மேடையில் பாடகர் இல்லை, ஒலிபெருக்கி மட்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் தெருவில் தங்களோடு நடந்தவரின் கனத்த குரல் அதிலிருந்து எழுந்தது. அவர் பாடி முடித்ததும் தொழிலாளர்கள் தங்கள் மொழியில் திரும்பப் பாடினர். கடலுக்கு அப்பால் அவர் தனியறையில் அமர்ந்து கேட்டார்.

1958இல் அவருடைய 60ஆம் பிறந்தநாள் பல நாடுகளில் கொண்டாடப்பட்டது. நம் நாட்டு விழாக்குழுவுக்கு நீதிபதி சாக்ளா தலைமை ஏற்றார். பிரதமர் நேரு வாழ்த்தினார். வாஷிங்டனுக்கு இது உவப்பாக இல்லை. அவ்வாண்டு ஜூனில், ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில், குடிமகனின் கருத்தைக் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்க அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் ராப்சன் கடல் கடந்தார். 1960 நவம்பரில் சிட்னி நகரில், கட்டி முடியாதிருந்த இசை அரங்கத்தின் சாரங்களுக்கிடையே நின்று, மதிய உணவு நேரத்தில் கட்டடத் தொழிலாளர்களுக்குப் பாடினார். அந்த அரங்கில் முதலில் பாட்டுக் கேட்டவர்கள் அதைக் கட்டியவர்களே.

உடல் நலிந்து 1963இல் தாயகம் திரும்பி, பொதுவாழ்விலிருந்து ஒதுங்கி, பிலடெல்பியாவில் தமக்கையின் வீட்டில் வாழ்ந்தார். 1976 ஜனவரி 23ஆம் நாள் மறைந்தார். ஆடுகளத்தில் நகம் பெயர்க்கப்பட்ட அண்ணன் மொழியை நெஞ்சில் ஏந்திய அந்த மாணவருக்கு, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது 1995ஆம் ஆண்டில்.